பெய்ஜிங்கில் அக்காவின் பேரம், சுவான்சோவில் நம்மூர் நரசிம்மர்

வியாழன், பெய்ஜிங்

அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய தின விடுமுறை. அந்த வாரத்தில் மட்டும் இங்கே வந்துவிடாதீர்கள். நாடே குடும்பத்தோடு ரயிலேறிவிடும். அது முடிந்து கூட்டம் வடிந்த பிறகு வருவது மாதிரிப் பார்த்து டிக்கெட் போட்டோம். நானும் அக்காவும்தான். அக்கா மதுரையில் ஜவுளிக் குடும்பத்தில் வாக்கப்பட்டவர். சரக்கைத் தொட்டுப் பார்த்தே விலை சொல்லுவார். சீனாவுக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "அங்க சந்தை இருக்கா?" என்பதுதான்.

வருகிறவர்கள் ஊரிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு. அலிபே செயலியை இறக்கி, பாஸ்போர்ட்டையும் வெளிநாட்டில் செல்லும் கார்டையும் அதில் இணைத்துவிடுங்கள். இங்கே வறுத்த கடலை விற்பவர் முதல் பெரிய கடை வரை எல்லாமே கியூஆர் அட்டைதான். ரொக்கம் கொடுத்தாலும் வாங்குகிறார்கள், ஆனால் சில்லறை தேடித் தவிக்கிறார்கள். ஓட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டால் திறக்கும். நாங்கள் வந்தபோது ஒரு யுவானுக்கு ஏறக்குறைய 12 ரூபாய். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது எளிது.

மாலையில் சியன்மென் கடைத்தெருவில் நடந்தோம். இரண்டு இளம்பெண்கள் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்று விசாரித்துவிட்டு, பக்கத்தில் தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் வாருங்கள் என்றார்கள். இது பெய்ஜிங்கில் பழைய கதை. உள்ளே போய் நாலு குவளை தேநீர் குடித்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும். அக்கா சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார். எல்லா இளைஞர்களும் அப்படியில்லை. மெட்ரோவில் வழி கேட்டபோது ஒரு பையன் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு எங்களோடு இறங்கி வாசல் வரை காட்டிவிட்டுப் போனான்.

வெள்ளி, பெய்ஜிங்

இன்று முழுக்க அரண்மனை. 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்று பள்ளிப் பாடத்தில் படித்த இடம். திங்கள்கிழமை விடுமுறை. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். கட்டணம் 60 யுவான், குளிர்காலத்தில் 40. பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்தால் கதவு திறக்கிறது.

மிங் பேரரசர் யோங்லே 1406-ல் கட்டத் தொடங்கி 1420-ல் முடித்தார். மிங், சிங் என்று இரண்டு வம்சத்திலுமாக 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டிருக்கிறார்கள். கடைசிப் பேரரசர் பூயி 1924-ல் வெளியேற்றப்பட்டார், மறு ஆண்டே இது அருங்காட்சியகமாகிவிட்டது. தெற்கு வாசலில் இருக்கும் நடுவழி பேரரசருக்கு மட்டும். பட்டத்தரசி தன் கல்யாண நாளில் ஒருமுறை அதன் வழியாக உள்ளே வரலாம். அரசுத் தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் ஒருமுறை அதன் வழியாக வெளியே போகலாம். படித்தவனுக்கு அரசன் விட்டுக்கொடுத்த வழி! அதில் இன்று நாங்கள் எல்லோரும் ஐஸ்கிரீம் குச்சியோடு நடக்கிறோம்.

முன்பக்க முற்றங்களில் ஒரு மரம் கூட இல்லை. வெயில் கல்தரையில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. மூன்று அடுக்குச் சலவைக்கல் மேடைமேல் மூன்று பெரிய மண்டபங்கள். கூட்டம் முழுவதும் முதல் மண்டபத்தின் சிம்மாசனத்தைப் படமெடுக்க முண்டியடிக்கிறது. நீங்கள் அதை விட்டுவிட்டு மூன்றாவது மண்டபத்துக்குப் பின்னால் போங்கள். படிக்கட்டுகளுக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை, மேகமும் டிராகனும் செதுக்கிய ஒரே பாறை. 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை. பெய்ஜிங்குக்கு வெளியே ஃபாங்ஷான் குவாரியிலிருந்து குளிர்காலத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். வழிநெடுகக் கிணறு வெட்டி, பாதையில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்ததும் பனிக்கட்டிமேல் பாறையை இழுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அரண்மனையிலேயே பெரிய அதிசயம் சிம்மாசனம் இல்லை, அந்தக் கிணறு வெட்டியவர்கள்தான். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

மண்டப ஓரங்களில் அண்டா அண்டாவாக உலோகத் தொட்டிகள். மரக் கட்டடம் ஆயிற்றே, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். குளிர்காலத்தில் உறையாமலிருக்க அடியில் நெருப்பு மூட்டுவார்கள். சில தொட்டிகளுக்குத் தங்க முலாம். அந்த முலாமில் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டிய கோடுகள். 1900-ல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தபோது சிப்பாய்கள் தங்கத்தைச் சுரண்டிய தழும்பு என்கிறார்கள். அன்று வந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அதைச் சொன்னதும் அக்கா கோட்டின்மேல் கையை வைக்காமல் பின்னால் நகர்ந்துகொண்டார்.

வடக்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே ஜிங்ஷான் குன்று. நுழைவுக் கட்டணம் 2 யுவான். அகழி தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பிய குன்று அது. கால் வலித்தாலும் ஏறிவிடுங்கள். மஞ்சள் ஓடுகள் தெற்கே நீண்டுகொண்டே போவதை அங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்ஜென், 1644-ல் கிளர்ச்சிப் படை நகருக்குள் நுழைந்ததும், இந்தக் குன்றில்தான் தூக்கிட்டுக்கொண்டார்.

சனி, பெய்ஜிங்

அக்கா காத்திருந்த நாள். மெட்ரோ பத்தாம் எண் தடத்தில் பான்ஜியாயுவான் நிறுத்தம். பெயரே சந்தையின் பெயர்தான். வார நாட்களிலும் கடைகள் உண்டு, ஆனால் சனி ஞாயிறில்தான் தரைக்கடைகள் நிரம்பும். விடியுமுன்னே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. நாங்கள் போனபோது வெளிச்சம் வந்திருந்தது. ஆனாலும் சிலர் கையில் டார்ச். பச்சை நிற ஜேடு கல்லின் பின்னால் ஒளியை அடித்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, சாயம் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தில் ஒரு உணர்ச்சியும் தெரியாது. பிடித்துவிட்டது என்று தெரிந்தால் விலை ஏறிவிடுமே.

பீங்கான், மண் தேநீர்க் குடுவை, மாவோ சின்னங்கள், தூரிகை, முத்திரைக் கல், பழைய நாணயம், புத்தர் தலை. ஒரு வரிசை முழுக்க வாதுமைக் கொட்டைகள். சாப்பிட இல்லை. இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டேயிருப்பது பெய்ஜிங் பெரியவர்களின் பொழுதுபோக்கு. வருடக்கணக்கில் உருட்டினால் கை எண்ணெய் ஏறிச் செம்பழுப்பாக மின்னும். அளவும் வரியும் அச்சாக ஒத்துப்போகும் ஜோடிக்குத்தான் மதிப்பு. கடைக்காரர் ஒருவர் அளவுகோலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காட்டினார். அடுத்த கடையில் அக்கா சட்டென்று நின்றார். "டேய், ருத்திராட்சம்டா!" கூடை கூடையாக ருத்திராட்சம். சின்னத் தூரிகையால் ஒவ்வொரு மணியின் பள்ளத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் ஒரு பெண். இங்கே பௌத்தர்கள் ஜெபமாலைக்கு வாங்குகிறார்கள், இளைஞர்கள் கைவளையாகப் போடுகிறார்கள். முகம் எண்ணி விலை சொல்லும் வழக்கம் நம்மூரில் போலவே.

சரி, பேரத்துக்கு வருகிறேன். அக்காவுக்குக் கண் பட்டது ஒரு செம்புக் கிண்ணம். நீல வண்ணத்தில் தாமரை, பெய்ஜிங்குக்கே பேர்போன மினாகாரி வேலை. செம்பின் மேல் மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டி, அந்தக் கட்டங்களில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் சுட்டு, தேய்த்து மெருகேற்றுவார்கள். போலியில் கம்பி இருக்காது, கோடு வரைந்திருப்பார்கள். அக்கா நகத்தால் இதழின் ஓரத்தைத் தடவினார். கம்பி தட்டுப்பட்டது. கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம், விளிம்பு, உள்பக்கம் பார்த்தார். ஒரு இலைப் பக்கம் ஊசி முனை அளவு குழி, சுடும்போது காற்றுக்குமிழ் உடைந்த இடம். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக் கடைக்காரம்மாவுக்குக் காட்டினார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த வேறொன்றைக் கையிலெடுத்தார்.

கடைக்காரம்மா கால்குலேட்டரை நீட்டினார். இங்கே கால்குலேட்டர் பேசும். எண்ணை அழுத்த அழுத்த ஒரு பெண் குரல் சீனத்தில் சத்தமாகச் சொல்லும். 380. அக்கா வாங்கி 100 என்று அழுத்தினார். கடைக்காரம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். கட்டுப்படியாகாது என்பதற்கு மொழி வேண்டியதில்லை. 300. அக்கா 110. 260. நான் இடையில் புகுந்து எனக்குத் தெரிந்த சீனத்தில், "தாய் குய் லே" என்றேன், ரொம்ப விலை என்று. அந்தம்மா என்னைக் கண்டுகொள்ளவேயில்லை. அவருக்கு எதிராளி யார் என்று தெரிந்துவிட்டது.

200-ல் வந்து நின்றது. அக்கா தலையாட்டிவிட்டு, கும்பிட்டு, நடந்தார். "திரும்பிப் பாக்காதடா, நேரா வா." நாலு கடை தாண்டியதும் பின்னாலிருந்து குரல். அந்தம்மா எழுந்து நின்று கையைத் தூக்கி, முதலில் ஆள்காட்டி விரலைக் காட்டினார், அப்புறம் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினார். சீனர்கள் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டியும் எட்டு. இதை மட்டும் வருமுன் படித்துக்கொண்டு வாருங்கள். சந்தையில் எண்பதை இருபது என்று நினைத்துக்கொண்டால் சண்டையில்தான் முடியும். அவர் சொன்னது 160. அக்கா 150 கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அக்காவின் முழங்கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார் அந்தம்மா. அன்றைய போணி அதுதான் என்று மொழிபெயர்ப்புச் செயலி சொன்னது.

"இன்னும் குறைச்சிருக்கலாமாக்கா?" என்று கேட்டேன். "கம்பி வளைச்சு ஒட்டியிருக்காடா ஒருத்தி. போதும்" என்றார். அதே அக்கா, பக்கத்து வரிசையில் சாவிக்கொத்துகளுக்கு 25 சொன்னவரிடம் 5-க்குக் கீழே இறங்கும்வரை விடவில்லை. ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்து வரும் சரக்குக்கு அடிமாட்டு விலை கேட்கலாம், கைவேலைக்கு அப்படிக் கேட்கக்கூடாது. இது அவர் வைத்திருக்கும் கணக்கு. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. இங்கே 'மிங் காலத்துச் சட்டி' என்று காட்டுவதெல்லாம் அநேகமாகப் புதுசு. அப்படியே பழசாக இருந்துவிட்டால் இன்னும் வம்பு. 1911-க்கு முந்திய தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சீனா விடாது. அழகாக இருக்கிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா, அதை மட்டும் பாருங்கள்.

ஞாயிறு, முத்தியான்யு

பெருஞ்சுவர். பெய்ஜிங்கிலிருந்து 70 கிலோமீட்டர் சொச்சம். பாதாலிங் பக்கம் கூட்டம் அதிகம் என்பதால் இங்கே வந்தோம். மலைமுகட்டை ஒட்டி ஏறி இறங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காவல் கோபுரங்கள். இலைகள் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன. கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில் மேலே போய், நடந்து, இறங்கும்போது சறுக்கு வண்டியில் வரலாம். அக்கா சறுக்கு வண்டியில் வந்தார்.

எல்லா வம்சத்துச் சுவர்களையும் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012-ல் சீன அரசு அளந்து சொன்னது. நிலாவிலிருந்து தெரியும் என்பது கட்டுக்கதை. சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், 2003-ல் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, தனக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் சுவருக்குள் இருக்கும் இன்னொரு கதை உண்மை. மிங் காலத்தில் சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைக் கலந்து காரை குழைத்திருக்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குக் கடுக்காயும் முட்டையும் போனதைப் பார்த்து வளர்ந்த அக்கா, செங்கல் இடுக்கில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிவாரக் கடைகளில் டி-ஷர்ட், தொப்பி, காந்த வில்லை. யானை விலை குதிரை விலை. வாங்க வேண்டாம். வறுத்த கஷ்கொட்டை (செஸ்ட்நட்) வாங்குங்கள், இந்த ஹுவாய்ரோ வட்டாரமே அதற்குப் பேர்போனது. சூடாக, இனிப்பாக, சைவமாக.

திங்கள், சுவான்சோ

பெய்ஜிங்கிலிருந்து தெற்கே மூன்று மணி நேர விமானம். ஜின்ஜியாங் விமான நிலையத்தில் இறங்கியதும் கடற்காற்று, பிசுபிசுப்பு. ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. சீனா போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் ஷாங்காய் போ, ஷென்ஜென் போ என்றார்கள். நான் பயணத்தைத் திட்டமிட்டதே இந்த ஊருக்காகத்தான்.

செவ்வாய், சுவான்சோ

சோங், யுவான் வம்சக் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் சைத்தூன் என்று குறித்த ஊர். அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் இங்கே குடியிருந்து வியாபாரம் செய்தார்கள். 1009-ல் எழுந்த கல் மசூதி இன்னும் நிற்கிறது. 2021-ல் யுனெஸ்கோ, ஊரைச் சுற்றியுள்ள 22 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கையுவான் கோயில் 686-ல் தோன்றிய பௌத்தக் கோயில். முற்றத்தின் இருபுறமும் 13-ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள். 1604-ல் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்பவை. பிரதான மண்டபத்தின் முன்மேடையைக் குனிந்து பாருங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட சிறு புடைப்புச் சிற்பங்கள், சிங்கங்களும் மனிதத் தலை கொண்ட சிங்கங்களும். அப்புறம் மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அங்கே மற்றத் தூண்களோடு ஒட்டாத இரண்டு தூண்கள். பதினாறு பட்டை, கரும்பச்சைக் கல்.

அக்கா எனக்கு முன்னால் போனார். கிட்டே போய் நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டார். வட்டச் சட்டத்துக்குள் நரசிம்மர். மடியில் இரணியன், வயிற்றில் நகம். இன்னொரு வட்டத்தில் இரட்டை மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். இன்னொன்றில் யானையும் பெருமாளும், கஜேந்திர மோட்சம். சீனக் கோயிலின் சாம்பிராணிப் புகைக்குள் இவை நிற்கின்றன. சிற்பியின் கையில் இரண்டு ஊரும் கலந்திருக்கிறது. உருவம் நம்மது, சுற்றிச் செதுக்கிய பூக்கள் இந்த ஊருடையவை. ஒரு சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ இடிந்துபோன பிறகு, மிங் காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தவர்கள் அந்தத் தூண்களை எறியாமல் எடுத்துவந்து நட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி பேத்திக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்ததும் பேத்தியை முன்னால் தள்ளி, தூணையும் அக்காவையும் மாறி மாறிக் காட்டினார். அக்கா நரசிம்மர் கதையைத் தமிழிலேயே சொன்னார். தூணிலிருந்து பாய்ந்து வந்தார் என்று அந்தத் தூணைத் தட்டிக் காட்டியபோது குழந்தை துள்ளிப் பின்வாங்கியது. மொழிபெயர்ப்புச் செயலியை யாரும் எடுக்கவில்லை.

பிற்பகல் கடல்வாணிப அருங்காட்சியகம். இந்த ஊரில் கிடைத்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. அரபு எழுத்துக் கல்லறைகள், சிலுவை தாங்கிய தாமரைகள், அப்புறம் நம் கோயில் சிற்பங்கள். லிங்கத்துக்குப் பூச்சொரியும் யானையின் முன்னால் நின்றபோது எனக்குத் திருவானைக்கா நினைவு வந்தது, அந்தக் கதை அப்படியே. 1956-ல் இவ்வூரில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நட்சத்திரம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசைக்கான் என்கிற கானின் நலத்துக்காக, அவன் ஆணைப்படி இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. கீழே ஒரு வரி சீன எழுத்து. அப்போது சீனாவை ஆண்டது குப்லாய் கான். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். இரு அரசவைக்கும் இடையே தூதர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

1974-ல் இங்கே சேற்றிலிருந்து ஒரு சோங் காலக் கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே 13 தடுப்பறைகள். வாசனைக் கட்டைகள், மிளகு, பாக்கு. மிளகும் பாக்கும் எடைபோட்டு விலை பேசப்பட்ட கரை இது. சனிக்கிழமை கால்குலேட்டரோடு அக்கா நின்றது போல எத்தனை தமிழ் வணிகர்கள் இங்கே நின்று, தலையாட்டிவிட்டு, நாலு எட்டு நடந்து, திரும்ப அழைக்கப்பட்டிருப்பார்கள்! சீனாவுக்கு வரும் தமிழர்கள் ஷாங்காயின் உயரக் கட்டடங்களில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு இந்த ஊருக்குக் கொடுக்க வேண்டும். பயண முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

புதன், சுவான்சோ

காலையில் ஷுன்பூ. கடலோர மீனவ ஊர். சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள், வெயிலில் வெள்ளை வெளேரென்று. இங்கத்துப் பெண்கள் கூந்தலைக் கொண்டையாகச் சுருட்டி, நீண்ட கொண்டை ஊசி செருகி, அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் கட்டுகிறார்கள். மல்லிகையும் உண்டு. எழுபது வயதுப் பாட்டி மீன்கூடையோடு போகிறார், தலை நிறையப் பூ. மூன்று நான்கு வருடமாக நாடெங்கிலுமிருந்து இளம்பெண்கள் இங்கே வந்து பூ வைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். தெருவெல்லாம் அதற்கான கடைகள். ஆடையோடு, ஒப்பனையோடு, படப்பிடிப்போடு என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனோம். பூ மட்டும், 40 யுவான். அக்கா பேரம் பேசவில்லை. அந்தம்மா அக்காவின் பின்னலை அவிழ்த்துச் சீப்பால் வாரி, முடியின் கனத்தைக் கையால் நிறுத்துப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். நெருக்கமாகக் கட்டிய மொட்டுகளைச் சுற்றும்போது அக்கா ஒரு இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தி, சரத்தை எப்படி மடித்தால் நழுவாது என்று காட்டிக்கொடுத்தார். அந்தம்மா அதை அவிழ்த்து மறுபடி அக்கா சொன்ன மாதிரியே செருகினார்.

தலையில் பூவோடே லுவோயாங் பாலம் போனோம். 1053-லிருந்து 1059 வரை கட்டிய கடல்முகப் பாலம். ஆளுநர் சாய் சியாங் காலத்தது. அலை அடித்துக் கல்லைப் பெயர்க்காமலிருக்க, தூண்களின் அடியில் சிப்பியை வளரவிட்டார்கள். சிப்பி கல்லோடு கல்லை ஒட்டிவிட்டது. நீர் வற்றியபோது போனால் படகு வடிவத் தூண்களைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மாலை மேற்குத் தெருவில் தேநீர்க் கடை. தியேகுவான்யின் தேயிலை விளையும் அன்சி, இந்தச் சுவான்சோவைச் சேர்ந்த வட்டாரம்தான். உட்காரவைத்து, சின்னஞ்சிறு கிண்ணங்களில் மூன்று ரகம் ஊற்றிக் கொடுத்தார் கடைக்காரர். முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார். இரண்டாவதிலிருந்துதான் குடிக்க. எல்லாம் ருசித்துவிட்டு வாங்காமல் எழுந்தாலும் முகம் சுளிப்பதில்லை. ஒன்று கவனியுங்கள். சீனாவில் தேயிலை, பழம், உலர் பண்டம் எல்லாவற்றுக்கும் விலை ஜின் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஜின் 500 கிராம். கிலோ என்று எண்ணிக்கொண்டு ஒப்பிட்டால் பாதி விலை என்று தோன்றும். நடு ரகம் ஜின் 360 சொன்னார். அக்கா இரண்டு ஜின் எடுப்பதாகச் சொல்லி 280 கேட்டார். அவர் 320 என்றார், கூட முதல் ரகத்தில் பத்துப் பொட்டலம் போடுகிறேன் என்றார். அக்கா அந்த முதல் ரகத்தை இன்னொரு கிண்ணம் ஊற்றச் சொன்னார். குடித்துவிட்டு, "இருபது பொட்டலம் போடச் சொல்லு" என்றார். பதினைந்தில் முடிந்தது. பெட்டியில் இடமில்லாததால் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஷியாமென் ரயில், அங்கிருந்து விமானம்.